டார்னா, ஐடியாலா? குழலின் அடிப்பக்கம் சொல்லும்

பழைய பிரெஞ்சு இரட்டைக் குழல் துப்பாக்கி தேடியபோது, கடைசியில் என் முன்னால் இரண்டு நின்றன: மானுஃபிரான்ஸ் நிறுவனத்தின் ஐடியால், டார்ன் நிறுவனத்தின் வி ரகம். இரண்டும் 12 கேஜ் (குழலின் பருமன் அளவு), இரண்டும் பிரான்ஸின் செயிண்ட்-எட்டியென் நகரில் பிறந்தவை. நான் எடுத்தது டார்ன்.

ஐடியால் 1880களின் கடைசியில் வந்தது. அடியில், விசைக்குப் பக்கத்தில் இருக்கும் நெம்புகோலை அழுத்தினால் குழல் மடங்கும். வேலைப்பாடு அருமை, குறை சொல்ல முடியாது. ரெஜிஸ் டார்ன் 1894-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு வேறு மாதிரி. அதில் குழல் அசையாது. மேலே இருக்கும் நெம்புகோலைத் தூக்கி இழுத்தால் பின்பகுதி மட்டும் சறுக்கிப் பின்னால் வரும். மடங்கும் கீல் இல்லாததால் கீல் தேய்மானமும் இல்லை. ஆனால் பொருத்தம் தளர்ந்துவிட்டால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் குறைவு.

சரி, விலையைத் தீர்மானிப்பது எது? என் கணக்கில் குழல்தான். அதைக் கழற்றி அடிப்பக்கத்தைப் படியுங்கள். அந்த ஊர்த் துப்பாக்கிகளில் சோதனை முத்திரைகளோடு (குழல் தாங்குமா என்று சுட்டுப் பார்த்து அடிப்பவை), குழலின் எடையையும் உள்விட்டத்தையும் அடித்திருப்பது வழக்கம். PT என்ற எழுத்துகள் இருந்தால் 'T' வகைப் புகையிலா வெடிமருந்தால் சோதித்தது என்று பொருள். முத்திரை 18.4 மி.மீ. என்கிறது, அளவுமானி 18.7 காட்டுகிறது என்றால், துருக்குழிகளை மறைக்க யாரோ உள்ளே தேய்த்திருக்கிறார்கள்; சுவர் மெலிந்துவிட்டது. எடையும் குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கும், குழலையே வெட்டிக் குட்டையாக்கியிருக்கலாம். வெட்டிய குழலில் முனைகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாகத் தெரியும், சோக்கும் (குழல் முனையின் குறுகல்) போயிருக்கும். தோட்டா உட்காரும் 65 மி.மீ. அறையை 70-க்கு நீட்டிவிட்டு மறுசோதனை செய்யாமல் விட்டதும் உண்டு.

நான் பார்த்த ஐடியாலின் நீலப்பூச்சு புதிதாகப் பளபளத்தது, முத்திரைகள் பாதி மழுங்கியிருந்தன. எதை வைத்து அசல் என்பது? டார்னில் எழுத்துகள் கூர்மை, அளவுகள் முத்திரையோடு ஒத்துப்போயின, குழலிலும் பின்பகுதியிலும் ஒரே எண். இதில் பின்பகுதியைக் கையால் தேய்த்துத் தேய்த்துக் குழலோடு பொருத்துவார்கள். வேறொரு குழலை மாட்டி ஏமாற்றுவது கடினம்.

உயர்ரக ஐடியால்களை நான் அதிகம் கையாண்டதில்லை. முத்திரை தெளிவான ஒன்று கிடைத்தால் என் முடிவு மாறியிருக்கலாம். மறுவிற்பனையில் டார்னைத் தேடி வருபவர்கள் அமெரிக்காவிலும் உண்டு. 1913-இல் வந்த மானுஃபிரான்ஸ் ரோபஸ்ட் உழைக்கும் துப்பாக்கி, ஆனால் ஏராளமாகச் செய்ததால் விலை ஏறாது.

எதை வாங்கினாலும், முதல் தோட்டா போடுவதற்கு முன் குழல் சுவரின் தடிமனை ஒரு துப்பாக்கித் தொழிலாளரிடம் அளக்கக் கொடுங்கள். 65 மி.மீ. அறைக்கு 65 மி.மீ. தோட்டாதான்.