சரளை எடுத்த குழி: நடுவதா, விதைப்பதா, விட்டுவிடுவதா?

சரளை எடுத்து முடித்த குவாரியைப் பச்சையாக்க மூன்று வழிகள் உண்டு. புல் விதை தூவி மூடிவிடலாம். மரக்கன்று நடலாம். அல்லது தரையைத் தளர்த்தி, எடுத்து வைத்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்பிவிட்டு, எது முளைக்க வேண்டும் என்பதைச் சுற்றுப்புறத்திடம் விட்டுவிடலாம். என் பொறுப்புக்கு வந்த குழிக்கு நான் தேர்ந்தது மூன்றாவது வழி. ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

புல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சரிவுகளில் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போவதை விரைவாகத் தடுப்பது அதுதான். ஆனால் சமதளத்தில் அடர்த்தியாக வளர்ந்த புல், மேலடுக்கின் ஈரத்தைத் தானே குடித்துவிடும். பின்னால் முளைக்கும் மரங்களுக்கு மிச்சம் இராது. அமெரிக்காவின் அப்பலாச்சியப் பகுதியில் நிலக்கரிச் சுரங்க நிலங்களைக் காடாக மீட்பவர்கள், தரைமூடிப் பயிரை மரத்துக்கு இடையூறாகாத அளவில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

போட்டி உண்மையில் மற்ற இரண்டுக்கும் இடையில். நடவின் பெரிய கவர்ச்சி, அதை எண்ணிக் காட்டலாம் என்பது. இத்தனை கன்றுகள் நட்டோம் என்று அறிக்கையில் எழுதலாம், படமும் நன்றாக வரும். அறிக்கையில் வராதது அடுத்த கோடை. சரளைத் தரை தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஊற்றியது கற்களுக்கு இடையே இறங்கிப் போய்விடும். நாற்றங்காலில் நல்ல மண்ணில் செழித்த கன்றின் வேர், அந்தப் பைமண் உருண்டையை விட்டு வெளியேறத் தயங்கும். உருண்டை காய்ந்தால் கன்றும் காய்ந்தது. எனவே தண்ணீர் லாரி வர வேண்டும், பட்டுப்போன இடத்தில் மறுநடவு செய்ய வேண்டும், களை எடுக்க வேண்டும், மேய்ச்சலைத் தடுக்க வேலி வேண்டும். குவாரி வேலை முடிந்து, ஆட்களும் எந்திரங்களும் கிளம்பிப்போன பிறகு இதையெல்லாம் யார் செய்வது? நான் முடிவெடுத்தது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

மூன்றாவது வழி பராமரிப்பே கேட்காது என்று சொல்ல மாட்டேன். செலவு முன்பக்கத்துக்கு நகர்கிறது, அவ்வளவுதான். புல்டோசர் இன்னும் குழிக்குள் நிற்கும்போதே செய்யவேண்டியவை இரண்டு. முதலாவது, லாரிகள் ஓடி ஓடி இறுகிய தரையை ரிப்பர் (புல்டோசரின் பின்னால் மாட்டும் இரும்புக் கொழு) போட்டு ஆழமாகக் கிளறுவது. சரிவின் குறுக்கே கிளறினால் ஒவ்வொரு சாலும் மழைநீரைத் தடுத்து நிறுத்தும். அப்பலாச்சியப் பரிந்துரை, குறைந்தது 4 அடி ஆழத்துக்கு இறுகாத மண் இருக்க வேண்டும் என்கிறது. கிளறிய பிறகு மட்டப்படுத்தி அழகுபார்க்கக் கூடாது. ஆய்வுக்கு வருபவர்களுக்கு வழவழப்பான தரை பிடிக்கும். விதைக்கோ மேடும் பள்ளமும்தான் பிடிக்கும்.

இரண்டாவது, மேல்மண். மண்ணில் உறங்கும் விதைகளில் பெரும்பகுதி மேலே உள்ள சில சென்டிமீட்டருக்குள் இருக்கிறது. அதை அடிமண்ணோடு கலந்து வாரினால் விதைகள் ஆழத்தில் புதைந்துபோகும். உயரமான குவியலாக நெடுநாள் போட்டு வைத்தால் உள்ளே விதையும், வேரோடு ஒட்டி வாழ்ந்து செடிக்கு உதவும் வேர்ப்பூஞ்சையும் செத்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா என்னும் யூகலிப்டஸ் மரக் காட்டில், பாக்சைட் என்னும் அலுமினியத் தாது எடுத்த குழிகளை மீட்பவர்கள், புதிதாகத் திறக்கும் குழியின் மேல்மண்ணைக் கையோடு எடுத்துப்போய், வேலை முடிந்த குழியில் பரப்புகிறார்கள். பகுதி பகுதியாகத் தோண்டும் எந்தச் சரளைக் குவாரியிலும் இதைச் செய்யலாம்; திட்டமிடுதல்தான் வேண்டும்.

இவை முடிந்த பின் மிஞ்சும் வேலை ஆடுமாடுகளைத் தடுப்பதும் அந்நியக் களைகளைப் பிடுங்குவதும். இரண்டாவதில் அசட்டை கூடாது. செக் குடியரசின் மணல், சரளைக் குழிகளில் தானாக வந்த தாவரங்களை ஆராய்ந்தவர்கள், அருகே இயற்கையான புல்வெளியோ காடோ இருக்கும் குழிகள் நன்றாகவே மீண்டதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். ரொபீனியா மரம் புகுந்த இடங்களில் கதை வேறு. வட அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மரம் வேர்முடிச்சுகளால் நைட்ரஜனைச் சேர்த்து மண்ணின் குணத்தையே மாற்றிவிடும், வேரிலிருந்தும் துளிர்த்துப் பரவும். சத்தில்லாத மண்ணில் வேகமாக வளர்கிறதே என்று இத்தகைய மரத்தை நாமே நட்டு வைப்பது இன்னும் மோசம்.

இந்த வழியில் முதல் சில ஆண்டுகள் குழி பார்க்கச் சகிக்காது. ஓராண்டுக் களைகள்தான் முதலில் வரும், பார்ப்பவர்கள் குறைசொல்வார்கள். அதே வெற்றுத் தரையைத் தேடித் தனித்தேனீக்கள் வளை தோண்டும் என்பதையும், ஓரத்தில் விட்டுவைத்த செங்குத்து மணற்சுவரில் மணல் தகைவிலான் என்னும் சிறு பறவைகள் பொந்து குடையும் என்பதையும் அவர்களிடம் சொல்லிப் பார்க்கலாம். சிலர் கேட்பார்கள்.

என் அனுபவம் வறண்ட, ஏறக்குறையச் சமமான குழியோடு நிற்கிறது. நிலத்தடி நீர் வெளிப்பட்டுக் குளமாகிவிட்ட குழிகளில் கரைச்சரிவும் ஆழமும்தான் பெரிய பேச்சு. அங்கே என் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சுற்றிலும் உழவு நிலம் மட்டுமே இருந்தால் விதை வர வழியில்லை. அப்போது அருகில் எஞ்சியுள்ள நல்ல புல்வெளியில் விதை முற்றும் சமயம் அறுத்த புல்லைக் கொண்டுவந்து பரப்பும் முறை உண்டு. நான் அதைச் செய்ததில்லை.

மேல்மண்ணை ஏற்கெனவே விற்றுவிட்ட குழியானால் நானும் நடவுக்குத்தான் போவேன். அப்போதும் குழி முழுக்க வரிசை பிடித்து அல்ல. மழைநீர் தேங்கும் தாழ்வுகளாகப் பார்த்து, அந்த வட்டாரத்து மரங்களையே கூட்டம் கூட்டமாக, தண்ணீர் ஊற்ற ஆள் கிடைக்கும் அளவுக்கு மட்டும் நடுவேன்.