குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்: காடு எங்கே போனது என்று காட்டும், எதற்குப் போனது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்

வெப்பமண்டலக் காடுகள் எங்கே, எவ்வளவு வேகமாகப் போகின்றன என்று யார் கேட்டாலும் நான் முதலில் கைகாட்டுவது குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் இணையதளத்தைத்தான். உலக வளங்கள் நிறுவனம் 2014-இல் இதைத் திறந்துவிட்டது. இன்றுவரை காசு கிடையாது, வரைபடத்தைப் பார்க்கக் கணக்குகூடத் தொடங்க வேண்டாம். போர்னியோவோ காங்கோவோ அமேசானோ, ஜூம் செய்து ஒரு எல்லையை வரைந்தால் போதும், 2001 முதல் ஆண்டுவாரியாக அதற்குள் எத்தனை ஹெக்டேர் மரப்பரப்பு போயிருக்கிறது என்று சொல்லிவிடும். இப்படி ஒரு வசதி எல்லோருக்கும் திறந்து கிடப்பது பெரிய விஷயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் இதைப் பயன்படுத்துகிறவர்களில் பாதிப் பேர் தவறாகப் படிக்கிறார்கள் என்பது என் வருத்தம். வரைபடத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிவதெல்லாம் காடழிப்பு இல்லை. அதன் பெயரே மரப்பரப்பு இழப்புதான். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மேத்யூ ஹேன்சன் குழு 2013-இல் வெளியிட்ட தரவு இதற்கு அடித்தளம், லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்களில் 30 மீட்டர் கட்டம் கட்டமாக எடுத்தது. ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த எதுவும் அதற்கு மரம்தான். முந்நூறு வருடக் காடும் மரம், வளர்ந்த ரப்பர் தோட்டமும் மரம், எண்ணெய்ப்பனையும் மரம். சுமத்ராவின் ரியாவ் பகுதியில் காகிதக்கூழுக்காக வளர்க்கும் அகேசியாவை ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை வெட்டுவார்கள், அதுவும் இளஞ்சிவப்பாகத்தான் வரும். 25 வருடம் காய்த்து ஓய்ந்த எண்ணெய்ப்பனைகளைச் சாய்த்து மறுநடவு செய்தாலும் அப்படியே. அதையெல்லாம் கூட்டி 'இத்தனை ஹெக்டேர் காடு அழிந்தது' என்று ஸ்கிரீன்ஷாட் போட்டால், தோட்ட நிறுவனம் ஒரே வரியில் மறுத்துவிட்டுப் போய்விடும், உண்மையாகவே காடு போன இடமும் அந்த மறுப்போடு சேர்ந்து அமுங்கிவிடும்.

இதற்கு வழி அந்தத் தளத்துக்குள்ளேயே இருக்கிறது. வரைபடத்தின் மேல் போட்டுப் பார்க்கும் லேயர்கள் உண்டு: முதன்மை வெப்பமண்டலக் காடு (மனிதக் கை அதிகம் படாத பழைய காடு) என்று ஒரு லேயர், நடப்பட்ட மரங்கள் என்று இன்னொரு லேயர். இரண்டையும் போட்டுக்கொண்டு பார்த்தால் படம் தெளிந்துவிடும். 2024-இல் வெப்பமண்டலத்தில் 67 லட்சம் ஹெக்டேர் முதன்மைக் காடு போனது, அதில் கிட்டத்தட்ட பாதி தீயால், என்று செய்தி வந்ததே, அது இப்படிப் பிரித்து எடுத்த கணக்குதான்.

அப்புறம், எண்ணை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள். கோபர்நிகஸ் பிரவுசர் என்ற ஐரோப்பிய இணையதளத்தில் செண்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், பக்கத்து பிரவுசர் டேப்பில் திறந்து வைத்துக்கொள்ளலாம். பிரேசிலின் ரொண்டோனியாவில் பிஆர்-364 நெடுஞ்சாலையிலிருந்து மீன் முள் போலக் கிளைச் சாலைகள் பிரிந்து, அந்தச் சாலைகளை ஒட்டியே காடு கரைவது தெரியும். போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானில் எண்ணெய்ப்பனைத் தோட்டம் வரும் கதையே வேறு. முதலில் காட்டுக்குள் நூல் பிடித்த மாதிரி நேர்கோடுகள், குறுக்கும் நெடுக்கும் சம இடைவெளியில். சதுப்பு நிலமாக இருந்தால் அந்தக் கோடுகளோடு தண்ணீரை வடிக்க வெட்டிய கால்வாய்களும் இருக்கும். பிறகு கட்டம் கட்டமாக மண் வெளுக்கும். மேடான இடத்தில் படிவரிசை வெட்டிய வளைகோடுகள் வரும். மூன்று நான்கு வருடத்தில் ஓலைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டதும் எல்லாம் மறுபடி பச்சையாகிவிடும், ஆனால் அது வழவழப்பான ஒரே பச்சை, காட்டின் மேடுபள்ளமான கரும்பச்சை இல்லை. பனைக்குப் பனை சுமார் ஒன்பது மீட்டர் இடைவெளி. ஆகவே லேண்ட்சாட்டின் ஒரு கட்டத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பனைகள் அடங்கிவிடும், தனித்தனியாகப் பார்க்க வழியில்லை. ரப்பரைக் கண்டுபிடிக்க வேறு தந்திரம் உண்டு. வறண்ட மாதங்களில் அது இலையை மொத்தமாக உதிர்த்துச் சில வாரங்களில் திரும்பத் துளிர்க்கும், பக்கத்துப் பசுமைமாறாக் காடு அப்படிச் செய்யாது. அதனால் ஒரே வருடத்தின் இரண்டு மூன்று மாதப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது, புதிதாக மரப்பரப்பு போன இடங்களைச் சொல்லும் எச்சரிக்கைகள். வெப்பமண்டலத்தில் பெரிய தலைவலி மேகம், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் தரையே தெரியாது. லேண்ட்சாட், செண்டினல்-2 இரண்டுக்கும் இதே பாடுதான். வாகனிங்கன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ராட் (RADD) எச்சரிக்கைகள் செண்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடாரில் ஓடுகின்றன, ரேடார் மேகத்தைத் துளைத்துக்கொண்டு போகும். லேண்ட்சாட், செண்டினல்-2, இந்த ரேடார் என இப்படிப் பல முறைகளின் எச்சரிக்கைகளையும் ஒரே லேயராக இணைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஒரே இடத்தைக் காட்டினால் அதற்கு உச்ச நம்பகம் என்று குறி. புதிதாக வருகிறவர்கள் அந்த உச்ச நம்பகத்தை மட்டும் வடிகட்டிக்கொண்டு ஆரம்பிக்கலாம். உங்களுக்கு வேண்டிய எல்லையைக் கொடுத்துப் பதிவு செய்தால் மின்னஞ்சலும் வரும்.

எச்சரிக்கை வந்து என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு: பெருவின் லொரேட்டோவில் பழங்குடிச் சமூகங்களுக்கு இப்படிப்பட்ட செயற்கைக்கோள் எச்சரிக்கைகளைக் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. இணையம் எட்டாத ஊர்களுக்கு யுஎஸ்பி டிரைவில் போட்டு ஆற்றுவழியே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், ஊர்க்காரர்களே போய் அந்த இடங்களைச் சரிபார்த்தார்கள். எச்சரிக்கை கிடைக்காத ஊர்களோடு ஒப்பிட்டால் முதல் வருடம் காடிழப்பு 52 சதவீதம் குறைந்தது, இரண்டாம் வருடம் 21 சதவீதம். 2021-இல் வெளியான ஆய்வு இது. இந்தத் தளத்தின் ஃபாரஸ்ட் வாட்சர் ஆப்பும் இதே வேலைக்குத்தான், முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொண்டால் சிக்னல் இல்லாத காட்டுக்குள்ளும் ஓடும்.

ஆண்டுகளை ஒப்பிடுவதில் மட்டும் ரொம்பக் கவனம் தேவை. 2011-க்குப் பிறகான தரவுக்குக் கணக்கிடும் முறை மேம்பட்டது, 2013-இல் லேண்ட்சாட் 8 வேறு வந்தது. அதனால் 2005-ஐயும் 2020-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இத்தனை மடங்கு' என்று சொல்வது சரியில்லை, அவர்களே அப்படிச் செய்யாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, ஒரு கட்டத்துக்கு ஒரே ஓர் இழப்பு ஆண்டுதான் பதிவாகும். இரண்டு முறை வெட்டிய தோட்டத்துக்கும் ஒன்றுதான்.

எனக்குப் பெரிய குறை, எதற்காகப் போனது என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் இன்னும் மேலோட்டமாக இருப்பதுதான். கூகுள் டீப்மைண்டோடு சேர்ந்து செய்த புதிய காரண வரைபடம் ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் வருகிறது. ஒரு கட்டம் 100 ஹெக்டேர், அதற்குள் மூன்று பேரின் நிலம் இருக்கலாம். 'நிலையான விவசாயம்' என்ற ஒரே தலைப்பில் மேய்ச்சலும் சோயாவும் கோகோவும் பனையும் சேர்ந்து கிடக்கின்றன. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த குறிப்பிட்ட சில விளைபொருள்களை ஏற்கமாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்ட பிறகு, எந்தப் பயிர், எந்த வருடம் என்பதுதானே கேள்வி? செண்டினல்-1, செண்டினல்-2 இரண்டையும் சேர்த்து 2019-க்கான உலக எண்ணெய்ப்பனை வரைபடத்தை 10 மீட்டர் நுணுக்கத்தில், பெருந்தோட்டம், சிறுவிவசாயி தோட்டம் என்று பிரித்தே ஆய்வாளர்கள் தந்துவிட்டார்கள். ஓலை மூடாத இளம் பனை அதில் விடுபடும், உண்மைதான். ஆனாலும் அந்த மாதிரி ஒரு லேயர் ஒவ்வொரு பயிருக்கும், ஒவ்வொரு வருடமும் இந்தத் தளத்தில் வர வேண்டும், அதுவரை பக்கத்து டேப்பில் படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளாமல் இங்கிருந்து ஓர் எண்ணைக்கூட எடுத்து எழுதாதீர்கள்.