மொரிஸ் மைனர் 1000 ஹெயின்ஸ் கையேடு: கராஜில் வைத்து வாசித்த பின்

யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் கார் வைத்திருப்பவர், ஹெயின்ஸ் பதிப்பகம் வெளியிட்ட ‘மொரிஸ் மைனர் 1000’ பழுதுபார்ப்புக் கையேட்டை வாங்கலாமா என்று கேட்டால், ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்தால் வாங்குங்கள் என்றே சொல்வேன். 1956 முதல் 1971 வரை வந்த வண்டிகளுக்கான நூல் இது, 948 சி.சி., 1098 சி.சி. எஞ்சின்கள் இரண்டும் இதில் அடங்கும்.

இந்நூலின் பெரிய வசதி அதன் மொழி. நம் கராஜ்களில் புழங்கும் பொனட், சைலன்சர், டைனமோ எல்லாம் பிரித்தானிய ஆங்கிலத்திலிருந்து வந்தவை என்பதால், மெக்கானிக் சொல்லும் சொல்லைப் பெரும்பாலும் அப்படியே நூலில் தேடிப் பிடிக்கலாம். பொனட்டை ‘ஹூட்’ என்றும் சைலன்சரை ‘மஃப்ளர்’ என்றும் எழுதும் அமெரிக்கக் கையேடுகளில் இது நடக்காது. ஆனாலும் சில இடங்களில் இரு மொழிகளும் விலகுகின்றன. ‘டெப்பட் அடிக்குது’ என்று நாம் சொல்லும் சத்தத்துக்கு நூலில் வால்வ் இடைவெளி பற்றிய பகுதியைத்தான் பார்க்க வேண்டும்; உண்மையில் டெப்பட் எஞ்சின் புளொக்கின் உள்ளே இருக்கிறது, நாம் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து அளப்பதோ, மேலே வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் வால்வ் தண்டுக்கும் இடையிலான வெளியை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது 0.012 அங்குலம் இருக்க வேண்டும்.

முன் சில்லைத் தாங்கும் ‘ட்ரனியன்’ என்ற சொல்லைக் காட்டியபோது, நாற்பது வருடமாக இந்த வண்டிகளைப் பார்க்கும் எங்கள் மெக்கானிக் அண்ணை படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “பேர் எனக்குத் தெரியாது தம்பி. ஆனா இதுக்குக் கிரீஸ் அடிக்காட்டி ஒருநாள் சில்லு படுத்திடும்” என்றார். நூலும் அதையேதான் சொல்கிறது. ஒவ்வொரு பக்கமும் மேலும் கீழும் கிரீஸ் நிப்பிள் இருக்கும் இடத்தையும் சேர்த்துக் காட்டுகிறது.

கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் பூட்டவும் என்ற பொருளில் வரும், ஹெயின்ஸ் நூல்களுக்கே பேர்போன அந்த ஒற்றை வரியை மட்டும் அவசரப்பட்டு நம்பிவிடக் கூடாது. இந்த வண்டியில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் கால்மாட்டில், தரைத்தகட்டுக்குக் கீழே இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை உருவப் போனால் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் போல முறுகி வேலை செய்யும் ரோர்ஷன் பார் என்ற கம்பி குறுக்கே நிற்கும். அறுபது வருடத் துரு ஏறிய போல்ட் கழன்று வருவதே பெரும்பாடு என்ற நிலையில், எதிர் வரிசையைப் பற்றி யோசிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பழைய பதிப்புகளின் கறுப்பு வெள்ளைப் படங்களில் எது எண்ணெய், எது நிழல் என்று பிரித்தறியவும் சற்றுப் பழக வேண்டும்.

நூலில் இல்லாத அத்தியாயம் ஒன்றும் உண்டு. 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், சின்னப் போத்தலில் வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலைக் கார்பரேற்றரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி இந்தக் கார்களை ஓட்டினார்கள். பிளக்கில் கரி பிடிப்பதும், எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்வதும் அன்றாடத் தொல்லைகள். அந்த வைத்தியத்தை அண்ணையிடம்தான் கேட்க வேண்டும். எந்த ஊர்க் கையேட்டிலும் கிடைக்காது.

வாங்குவதானால் கூடவே அங்குல ஸ்பேனர் செட் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. கிட்டத்தட்டச் சரிதானே என்று நான் 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டுத் திருகியதில் மூலை மழுங்கிய போல்ட் ஒன்று இன்னும் வண்டியிலேயே இருக்கிறது.