ரீஃபைண்ட் பூட் மேனேஜர்: போடலாம், ஆனால் இதெல்லாம் தெரிந்துகொண்டு போடுங்கள்

மார்த்தாண்டத்தில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். விண்டோஸும் உபுண்டுவும் ஒரே மெஷினில் வேண்டும் என்று வருகிற இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம், ஆன் செய்ததும் எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கிற ரீஃபைண்ட்தான் போட்டுக்கொடுக்கிறேன்.

உபுண்டுவோடு வருகிற பூட் மெனு கிரப். 2021-இல் அதன் 2.06 பதிப்பு வந்தபோது, மற்ற ஓஎஸ்களைத் தேடுகிற ஓஎஸ்-புரோபரை இயல்பாகவே அணைத்து வைத்துவிட்டார்கள். நாமே அதை இயக்கி மெனுவை மறுபடி உருவாக்க வேண்டும். ரீஃபைண்டில் அந்தத் தொல்லை இல்லை, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டிஸ்க்கைத் துழாவி, கிடைத்ததை எல்லாம் ஐகானாக வரிசை கட்டிவிடும். உபுண்டுவுக்கு அடித்தளமான லினக்ஸில், 3.3-லிருந்து அதன் மையப்பகுதியான கெர்னலே ஒரு இஎஃப்ஐ (பழைய பயோஸுக்குப் பதில் வந்த ஃபார்ம்வேர்) புரோகிராமாக ஓடும் என்பதால், நடுவில் கிரப் இல்லாமலே நேராகக் கிளப்பும். டிஸ்க்கைப் பிரிக்கும் ஜிடிஸ்க் கருவியை எழுதிய ரோட் ஸ்மித்தான் 2012-இல் ரீஃபிட் என்ற பழைய பூட் மேனேஜரிலிருந்து கிளை பிரித்து இதை உருவாக்கினார். தெரிந்த பிழைகளையும் இனி செய்ய வேண்டியதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். கடையில் எனக்குத் தலைவலி தருகிறவற்றை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் ஐகான் கூட்டம். கெர்னலுக்கு ஒன்று, கிரப்புக்கு ஒன்று, கிரப்பைத் தொடங்கிவைக்கும் ஷிம்முக்கு ஒன்று, மாற்று பூட் ஃபைலான ஃபால்பேக்குக்கு ஒன்று என்று உபுண்டுவே பல முகத்தோடு நிற்கும். "அண்ணே, இதுல எது ஒரிஜினல்?" என்று கேட்காத பையன் இல்லை. வேண்டாத ஐகான் மேல் நின்று டெலீட் கீயை அமுக்கினால் மறைத்துவிடலாம், தேவைப்பட்டால் திரும்பவும் எடுக்கலாம், சரி. ஆனால் புதிதாக வருகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? ஒரே ஓஎஸ்ஸுக்கு ஒரே ஐகான் என்று அதுவே சேர்த்துக்காட்டினால் என் பாதி நேரம் மிச்சம்.

அப்புறம் டைம்அவுட். இயல்பாக 20 விநாடி காத்திருக்கும். கிரப்பில் 0 போட்டால் உடனே பூட் ஆகும், அதே பழக்கத்தில் இங்கேயும் 0 போடுகிறார்கள், இது நாம் கீயை அமுக்கும்வரை சும்மாவே நிற்கும். உடனே போக வேண்டும் என்றால் -1 போட வேண்டும். இதைக்கூட மாற்றமாட்டார்களா!

பெரிய புகார் பூட் வரிசை, அதாவது எது முதலில் கிளம்ப வேண்டும் என்ற வரிசை, தொலைந்துபோவதுதான், அதை ரீஃபைண்டின் தலையில் முழுசாகக் கட்ட முடியாது. குளச்சல் பையன் ஒருவன் லேப்டாப்பில் பயோஸ் அப்டேட் முடிந்ததும் மெஷின் நேராக விண்டோஸுக்குள் போக, ரீஃபைண்ட் அழிந்துபோச்சு என்று பதறி வந்தான். கம்பெனி பேர் வேண்டாம். அழியவில்லை மக்கா, ஃபைல்கள் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் அப்படியே இருக்கும், மதர்போர்டு நினைவில் இருக்கும் பூட் வரிசைதான் மாறியிருக்கும். பூட் மெனு கீயை அமுக்கி உபுண்டுவுக்குள் போய், டெர்மினலில் ரூட் உரிமையோடு ரீஃபைண்ட்-எம்கேடிஃபால்ட் என்ற ஸ்கிரிப்டை ஓட்டினால் வரிசை திரும்பிவிடும். ஃபார்ம்வேர் மறுபடி மறந்தால் மறுபடி ஓட்ட வேண்டியதுதான்.

நம்பகமில்லாத பூட் ஃபைலைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால் முதல் முறை ஒரு நீலத் திரை வந்து சாவியைச் சேர்க்கச் சொல்லும், வைரஸ் என்று பயந்து போன் பண்ணுகிறார்கள். ரீஃபைண்டோடு வருகிற டிரைவர்கள் எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் போன்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் எல்லாம் படிக்கும், டிஸ்க் இடத்தைச் சேர்த்துப் பங்கிடும் எல்விஎம் முறையைப் படிக்காது. அதனால் பூட் கோப்புகள் எல்விஎம்முக்குள்ளோ என்கிரிப்ட் ஆன பகுதிக்குள்ளோ இருந்தால் கெர்னலை அதனால் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, எழுத்துரு ஒரு பிஎன்ஜி படம். அதில் ஆங்கில எழுத்து, எண், குறிகள் மட்டும். டிஸ்க்குக்கு "படிப்பு" என்று தமிழில் பேர் வைத்தால் அந்த இடத்தில் தெரியாத எழுத்துக்கான குறிதான் வரிசையாக வரும். தமிழை இதில் கொண்டுவருவது சுலபமான வேலையும் இல்லை, கொம்பும் புள்ளியும் இணைத்துக் காட்டத் தனி எஞ்சினே வேண்டும்.

ஒரே ஓஎஸ் வைத்திருக்கிறவர்களுக்கு இது எதற்கு? பழைய பயோஸ் மட்டும் உள்ள டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், இதை அதில் நேரடியாகப் போட முடியாது, அங்கே கிரப்தான் கதி.