கேம்ஃபெட்: கட்டணம் கட்டுவதோடு நின்றுவிடாத கல்வி உதவி

ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஏழைப் பெண்பிள்ளைகளைப் படிக்கவைக்கும் கேம்ஃபெட் அமைப்புக்கு, லண்டனிலிருந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகையை அனுப்பி வருகிறேன். இதற்கு முன் வேறோர் அமைப்பின் வழியாக ஒரு சிறுமியின் படிப்புக்குப் பணம் கட்டினேன். கோடு போட்ட தாளில் நீல மையால் அவள் வரைந்தனுப்பிய ஆட்டுக்குட்டி இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. திடீரென்று ஒருநாள் வேறொரு குழந்தையின் புகைப்படம் வந்தது. முதல் பிள்ளையின் படிப்பு என்னவாயிற்று என்று இருமுறை எழுதிக் கேட்டும் பதில் இல்லை. அந்த மனவருத்தத்தோடுதான் கேம்ஃபெட்டைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

1991ஆம் ஆண்டு ஜிம்பாப்வேயின் மோலா என்ற ஊருக்குச் சென்ற ஆன் காட்டன், பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குக் காரணம் மரபு அன்று, வறுமையே என்பதை நேரில் கண்டார். ஒரு பிள்ளைக்கு மட்டுமே கட்டணம் கட்ட முடியும் என்ற நிலையில், பின்னாளில் சம்பள வேலை கிடைக்க வாய்ப்புள்ள மகனையே பெற்றோர் பள்ளிக்கு அனுப்பினார்கள். கேம்பிரிட்ஜில் கேக் விற்று நிதி திரட்டிய அவர், 1993இல் 32 மாணவிகளுக்கு உதவி இவ்வமைப்பைத் தொடங்கினார்.

இதன் சிறப்பு, ஒரு பிள்ளை எதனாலெல்லாம் படிப்பை விடக்கூடும் என்பதை முழுமையாகக் கணக்கில் எடுப்பதுதான். கட்டணத்தோடு சீருடை, காலணி, நோட்டுப் புத்தகங்கள், மாதவிடாய் நாள்களுக்கான நாப்கின் ஆகியவையும் தேவையறிந்து வழங்கப்படுகின்றன. யாருக்கு உதவி என்பதை முடிவுசெய்வதில் ஆசிரியர்களும் பெற்றோரும் அடங்கிய உள்ளூர்க் குழுக்களுக்குப் பங்கு உண்டு. படித்து முடித்த பெண்கள் 1998இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களில் பலர் தம் ஊர்ப் பள்ளிகளுக்கே வழிகாட்டிகளாகத் திரும்பிச் செல்கிறார்கள். தொழில் தொடங்க அவர்களுக்குக் கிடைக்கும் கடனுக்கு வட்டி கிடையாது, வட்டிக்கு ஈடாக அந்தத் தன்னார்வப் பணியே ஏற்கப்படுகிறது. என்னை மிகவும் நெகிழவைத்த ஏற்பாடு இதுதான்.

குறிப்பிட்ட ஒரு குழந்தையின் பெயரும் கடிதமும் வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது. நன்கொடை பொதுவாகவே சேர்கிறது. அந்த ஆட்டுக்குட்டிப் படம் போல ஒன்று இனி வராது என்பதில் எனக்கும் சிறு ஏக்கம் உண்டு. ஆனாலும் ஒரு பிள்ளையின் கடிதத்துக்காகக் காத்திருப்பதைவிட, பல பிள்ளைகள் இடைநிற்காமல் படிப்பதையே விரும்புகிறேன்.

பிரிட்டனில் வருமான வரி கட்டுபவர்கள், நன்கொடைப் படிவத்தில் கிஃப்ட் எய்டுக்கான கட்டத்தில் மறவாமல் குறியிடுங்கள். நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகப் போய்ச் சேரும்.