இரண்டும் 2014, இரண்டும் ஸ்கார்பியோ

"2014 ஸ்கார்பியோவுக்கு இடப்பக்க முகப்பு விளக்கு வேண்டும்" என்றேன். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே உதிரிபாகக் கடைக்காரர் கேட்டார்: "எந்த 2014 சார்?"

2014 என்றால் ஒன்றுதானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மைத்துனர் அனுப்பியிருந்த ஆர்சி புத்தகத்தின் படத்தை நீட்டினேன். பதிவு தேதி டிசம்பர் 2014. "அப்படியானால் புதிய மாடல்" என்று ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். திண்டுக்கல்லில் வாங்கி ஒட்டன்சத்திரம் வரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் பெட்டியைப் பிரித்து வண்டியின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. விளக்கு ஒரு வடிவம், அது உட்கார வேண்டிய குழி வேறொரு வடிவம்.

மைத்துனர் ஆர்சி புத்தகத்தை மீண்டும் எடுத்து வந்தார். பதிவு தேதிக்குச் சற்றுத் தள்ளி, சிறிய எழுத்தில், தயாரிப்பு மாதம்: ஜூன் 2014. வண்டியை அவருக்கு வாங்கிக் கொடுத்த தரகர் "2014 மாடல், புதுசு" என்று சொல்லியிருந்தார். 2014 என்றது உண்மை. புதுசு என்றதுதான் பொய். மஹிந்திரா அந்த ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி புதிய ஸ்கார்பியோவை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் தயாரான வண்டிகளில் சில, புதியது வந்த பிறகும் விற்பனையாகிப் பதிவாகியிருக்கின்றன. மைத்துனரிடம் இருப்பது அப்படி ஒன்று.

அப்போது என்னிடம் ஸ்கார்பியோ கிடையாது. அடுத்த ஆண்டு பழைய வண்டி தேடியபோது, இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு, நவம்பர் 2014இல் பதிவான எஸ்10 வகை ஸ்கார்பியோ ஒன்றை வாங்கினேன். என்னுடையது செப்டம்பருக்குப் பின் வந்த வகை. விசேஷ நாட்களில் இரண்டும் ஒரே வாசலில் நிற்கும். இரண்டும் வெள்ளை, இரண்டும் 2014, ஆனால் தலைமுறை வேறு.

எத்தனையாவது தலைமுறை என்று என்னைக் கேட்காதீர்கள். ஸ்கார்பியோ பிறந்தது 2002 ஜூனில். 2006இல் முகம் மாறியது, பிறகு 2.2 லிட்டர் எம்ஹாக் எஞ்ஜின் வந்தது, 2014இல் அடிச்சட்டமே மாறியது. ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு தலைமுறையாக எண்ணுகிறவர்கள் என் எஸ்10ஐ மூன்றாவது, நான்காவது என்பார்கள். என் கணக்கில் 2002 முதல் 2014 வரை ஒன்று, அதற்குப் பின் ஒன்று. அடிச்சட்டம் மாறினால்தான் தலைமுறை மாறியதாகக் கொள்கிறேன். 2022இல் வந்த 'ஸ்கார்பியோ-என்' (Scorpio-N) வேறு குடும்பம், அதைப் பிறகு பார்ப்போம்.

உங்களிடம் இருப்பது எது என்று கண்டுபிடிக்க முகத்தைப் பார்ப்பது பலருக்கும் பழக்கம். அதை நான் முழுதாக நம்புவதில்லை. பழைய வண்டிக்குப் புதிய முகப்பு மாட்டித் தருகிற பணிமனைகள் இருக்கின்றன. பக்கவாட்டில் பார்த்தாலும் ஏமாறுவீர்கள். 2014இல் கதவுகளின் தகடும் முன்கண்ணாடியும் மாறவில்லை. சக்கரத்தைப் பார்க்கலாம்: பழையதில் 16 அங்குலம், புதியதில் 17. ஆனால் சக்கரத்தை மாற்றாத ஸ்கார்பியோக்காரர் யார்?

சேசிஸ் எண் கைகொடுக்கும் என்பார்கள். எம்ஏ1 என்று தொடங்கும் 17 இலக்கத்தில் பத்தாவது, ஆண்டைச் சொல்லும் எழுத்து. 2010க்கு ஏ, அப்படியே எண்ணிக்கொண்டு வந்தால் 2014க்கு இ. எங்கள் இரண்டு வண்டிகளிலும் அந்த இடத்தில் இ என்றே அடித்திருக்கிறது. மற்ற ஆண்டுகளுக்கு நல்ல சோதனைதான், சிக்கலான அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் பயன்படாது.

நான் நம்புவது ஓட்டுநர் இருக்கையை. ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கப் பாருங்கள். கை இயல்பாகக் கதவுப் பக்கம் போய் அங்கே பொத்தான் இருந்தால் 2014க்குப் பிந்தியது. கதவில் ஒன்றும் இல்லாமல், இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவில் தடவித் தேட வேண்டியிருந்தால் பழையது. முகப்பை மாற்றுகிறவர்கள் கதவுக்குள் ஒயர் இழுத்துப் பொத்தானை இடம் மாற்றும் அளவுக்குப் போவதில்லை.

அடுத்தது வகைப் பெயர். ஆர்சியில் விஎல்எக்ஸ், எஸ்எல்இ, எல்எக்ஸ், இஎக்ஸ் என்று இருந்தால் பழையது. எஸ் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் புதியது. அந்த எண்ணிலேயே இன்னொரு குறிப்பும் இருக்கிறது. 2014இல் வந்தவை எஸ்2, எஸ்4, எஸ்6, எஸ்8, எஸ்10. 2017 நவம்பரில் மெருகேற்றி விட்டபோது எஸ்3, எஸ்5, எஸ்7, எஸ்11 என்று மாறின. இரட்டைப்படை என்றால் 2017க்கு முன், ஒற்றைப்படை என்றால் பின். யார் யோசித்து வைத்தார்களோ, பழைய வண்டி வாங்குகிறவனுக்குப் பெரிய உதவி.

இனி எது நல்லது என்ற கேள்வி. சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை, என் பணம் போன பக்கம்தான்.

எஞ்ஜினில் பேச அதிகமில்லை. இரண்டும் எம்ஹாக், இரண்டும் 120 குதிரைத்திறன். ஏசி இரண்டிலும் போதும். மைலேஜ் ஓட்டும் காலைப் பொறுத்தது. உயரமாக உட்கார்ந்து சாலையைப் பார்க்கும் சுகம் இரண்டிலும் ஒன்றே, இந்த வண்டியைப் பாதிப் பேர் வாங்குவதே அதற்காகத்தான்.

வேறுபாடு கீழே இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். மைத்துனரின் விஎல்எக்ஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது முதலில் சக்கரம் திரும்பும், அடுத்து உடல் சாயும், பின்னிருக்கையில் அக்கா "மெதுவாகப் போடா" என்பாள். என் எஸ்10உம் சாயாமல் இல்லை. உயரமான வண்டி சாயத்தான் செய்யும். ஆனால் சாய்வுக்கு ஓர் எல்லை இருக்கிறது, அது எங்கே வரும் என்று கைக்கு முன்பே தெரிகிறது. 2014இல் அடிச்சட்டத்தைப் புதிதாகச் செய்து, சக்கரங்களின் இடைவெளியையும் அகலமாக்கினார்கள். அதன் பலன் மலையில்தான் தெரியும். தார்ச்சாலையில் நேராகப் போகிறவருக்கு இது பெரிதாகப் படாது.

ஆனாலும் நான் முடிவெடுத்தது ஓட்டத்தைப் பார்த்து அல்ல, உதிரிபாகத்தைப் பார்த்து.

பத்து வயதைத் தாண்டிய வண்டியில் எஞ்ஜின் பெரும்பாலும் தொந்தரவு தராது. தருவது சக்கரங்களைத் தாங்கும் புஷ், ஆர்ம், பால் ஜாயிண்ட், அப்புறம் விளக்கு, பொத்தான், ஏசி குமிழ் போன்ற சில்லறைகள். எங்கள் மெக்கானிக் அண்ணன் இரண்டு வண்டிகளையும் ஒரே வாரத்தில் ஜாக்கியில் ஏற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். பழையதன் கீழ் ஆர்மைக் கழற்றித் தரையில் வைத்தார். என் வண்டியினுடையதை அதன் அருகே வைத்தார். செருப்பின் இடதும் வலதும் போலக்கூட இல்லை, இரண்டு வேறு ஆட்களின் செருப்பு. "பெயர் ஒன்றுதான் தம்பி, உடம்பு வேறு" என்றார்.

இதில் புதிய உடம்புக்கு ஒரு பெரிய ஆதாயம். 2022 ஆகஸ்டில் மஹிந்திரா இதே உடம்பை ஸ்கார்பியோ கிளாசிக் என்ற பெயரில் தொடர்ந்து விற்க முடிவு செய்தது. ஷோரூமில் இன்னும் நிற்கிற வண்டிக்குக் கடையில் பாகம் இல்லாமல் போகாது. அடிச்சட்டத்தைச் சேர்ந்த பாகம் எது கேட்டாலும் எனக்கு அன்றோ மறுநாளோ கிடைத்துவிடுகிறது. மைத்துனரின் முகப்பு விளக்குக்கு மூன்று வாரம் அலைந்தோம். கடைசியில் சென்னைக்குப் போன உறவுக்காரர் ஒருவர் புதுப்பேட்டையில் கழற்றிய விளக்கு ஒன்றைத் தேடி வாங்கி வந்தார். அதன் ஓரத்தில் ஒரு பழைய கீறல் இருக்கிறது. இருந்தால் இருக்கட்டும், எரிகிறது.

ஒரு எச்சரிக்கை. கிளாசிக்கின் எஞ்ஜின் வேறு. அலுமினியத்தில் செய்த புதிய எம்ஹாக், 130 குதிரைத்திறன். ஆகவே உடம்புக்குச் சொன்ன நம்பிக்கையை அப்படியே எஞ்ஜின் பாகங்களுக்கும் நீட்ட வேண்டாம். கியர்பெட்டியும் அப்படித்தான். 2017க்குப் பின் வந்த 140 குதிரைத்திறன் எஸ்7, எஸ்11 வண்டிகளில் ஆறு கியர், என்னுடையதில் ஐந்து.

பழையதற்கும் ஒரு வாதம் உண்டு. மைத்துனர் கொடுத்த விலை என்னுடையதைவிட ஒரு லட்சத்துக்கு மேல் குறைவு. அந்தப் பணத்தில் எத்தனை ஆர்ம் வாங்கலாம் என்று அவர் கேட்கும்போது எனக்குப் பதில் சட்டென்று வருவதில்லை. இன்னொன்று, அவர் வண்டியைத் தெரியாத மெக்கானிக் எந்த ஊரிலும் இல்லை.

ஒற்றைப்படை வண்டிகளை நான் வைத்திருந்ததில்லை, நண்பர்களுடையதைச் சில நாட்கள் ஓட்டியதோடு சரி. 140 குதிரைத்திறன் மலை ஏற்றத்தில் நன்றாகத் தெரிகிறது. பணம் இருந்திருந்தால் எஸ்11தான் வாங்கியிருப்பேன். ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பின் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி வாங்குகிறவர், புகைக்கரியை வடிகட்டும் அமைப்பைப் பற்றி அதை நாலு வருடம் ஓட்டியவரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.

'ஸ்கார்பியோ-என்' வண்டியை இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன். செங்கல்பட்டில் இருக்கிற மஹிந்திராவின் ஆராய்ச்சி மையத்தில் உருவான வண்டி, அந்த வகையில் நம் ஊர்ப் பிள்ளை. ஸ்கார்பியோ என்ற பெயர் தவிரப் பழையதோடு ஒட்டும் உறவும் குறைவு. வகைப் பெயர்கள் இசட்2, இசட்4 என்று போகும், ஆகவே குழப்பம் இல்லை. பாதுகாப்பு என்று வந்தால் என் வண்டி அதன் முன் நிற்க முடியாது. 2016இல் குளோபல் என்சிஏபி என்ற கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பு, காற்றுப்பை இல்லாத ஸ்கார்பியோவை மோதிச் சோதித்துப் பூஜ்யம் நட்சத்திரம் கொடுத்தது. 2022 டிசம்பரில் 'ஸ்கார்பியோ-என்' வண்டிக்கு ஐந்து. என் எஸ்10இல் இரண்டு காற்றுப்பைகள் இருக்கின்றன என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். ஆனால் உடற்கூட்டின் வலு காற்றுப்பையால் கூடிவிடாது. அதனால்தான் நெடுஞ்சாலையில் 90ஐத் தாண்டுவதில்லை.

தேடும்போது இன்னொரு வகையும் கண்ணில் பட்டது. டெல்லியில் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்குத் தடை இருந்ததால், வயதாக ஆக அங்கே விலை சரிந்து, தடையில்லாச் சான்றோடு தெற்கே வந்த வண்டிகள். 2016ஆம் ஆண்டு எஸ்10 ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஆர்சியில் எஞ்ஜின் கொள்ளளவு 1990 சிசி என்றிருந்தது. எம்ஹாக்குக்கு 2179 அல்லவா வர வேண்டும், யாரோ தவறாகப் பதிந்துவிட்டார்களோ என்று முதலில் நினைத்தேன். தவறு இல்லை. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதியில் 2000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிவு செய்யத் தடை விதித்தது. மறுமாதமே மஹிந்திரா எஞ்ஜினை 1.99 லிட்டராகச் சுருக்கி அங்கே இறக்கியது. தடை 2016 ஆகஸ்டில் நீங்கியது. ஆகவே 1990 என்று கண்டால் அது எந்த ஊருக்காக, எந்தக் காலத்தில் செய்தது என்று யோசிக்காமல் சொல்லிவிடலாம். வண்டி சுத்தமாகத்தான் இருந்தது. மறுபதிவு, மீண்டும் ஆயுள் வரி, அதன்மேல் சில மாதங்களே விற்ற எஞ்ஜினுக்குப் பாகம் தேடும் வேலை என்று கூட்டிப் பார்த்து விட்டுவிட்டேன்.

போன மாதம் மைத்துனர் அதே கடைக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பின்கதவுக் கைப்பிடி வேண்டுமாம். அந்தப் பக்கம் வழக்கமான கேள்வியைக் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. "ஜன்னல் பொத்தான் நடுவில் இருக்கிற 2014 அண்ணா" என்றார். ஒரே தடவையில் சரியான கைப்பிடி வந்துவிட்டது.