மல்டிமீட்டரை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மீட்டரின் மூளையான சிப்பை, அதாவது ஐசியை, மாற்றினேன் என்று சொல்லி என்னிடம் புது மீட்டர் விலையில் பாதியை வாங்கியவர், அந்த ஐசியைத் தொடக்கூட இல்லை. இப்போதுதான் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வோல்ட், கரண்ட் எல்லாம் அளக்கும் என் மல்டிமீட்டரில் இருந்தது விட்டு விட்டு வரும் கோளாறு. ஒரு நேரம் வோல்ட் சரியாகக் காட்டும். எதை அளப்பது என்று திருப்பி வைக்கும் செலக்டர் லேசாக அசைந்தால் எண்கள் தாறுமாறாக ஓடும், சில சமயம் கரண்ட் இருக்கிற ஒயரிலேயே பூஜ்யம் காட்டும். பூஜ்யத்தை நம்பிக் கை வைத்தால் ஆள் காலி. பேட்டரி, அளக்க வைக்கும் ஒயரான லீடு எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. அதனால்தான் அளவுக்கருவிகள் பழுது பார்ப்பதாகப் பலகை மாட்டிய ஒரு கடைக்குப் போனேன்.

அவர் என் எதிரிலேயே திறந்தார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். போர்டின் நடுவில் இருந்த கறுப்புக் குமிழை ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டு, "மெயின் ஐசி சார், சூடானா விட்டுடுது" என்றார். காசைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, நானாகத்தான் கேட்டேன். அந்தப் பதவிசைப் பார்த்து யார்தான் நம்பமாட்டார்கள்? பாதி விலை, முழுவதும் முன்பணம்.

திரும்ப வாங்கும்போது ஒரு பேட்டரியில் வைத்து 1.5 வோல்ட் காட்டினார். காட்டாமல் என்ன செய்யும்? விட்டு விட்டு வரும் பழுது கடையில் வைத்துப் பார்க்கும்போது ஒழுங்காகத்தான் இருக்கும். ஏமாற்ற நினைப்பவருக்கு இதைவிடத் தோதான பழுது கிடையாது.

வேலையில் இறக்கியதும் பழைய குருடி கதவைத் திறடி. போன் செய்தால் "லீடை மாத்துங்க சார்." மாற்றியாயிற்று என்றால் "பேட்டரி டூப்ளிகேட்டா இருக்கும்." நேரில் போனால் "இங்க நல்லாத்தானே காட்டுது?" பில் கேட்டேன், சின்ன வேலைக்கெல்லாம் பில் போடுவதில்லையாம். புது மீட்டர் விலையில் பாதி வாங்கியது சின்ன வேலைக்கா? இப்போது போனையே எடுப்பதில்லை.

சரி என்று நானே திறந்தேன். அந்தக் கறுப்புக் குமிழ், சிப்பைப் போர்டிலேயே ஒட்டி மேலே எபாக்ஸி ஊற்றியது. அதை மட்டும் தனியாக எடுத்து மாற்ற வழியில்லை, போர்டையே மாற்ற வேண்டும். போர்டோ அதே பழைய போர்டு, முன்பு பேட்டரி கசிந்த பச்சைக் கறைகூட அப்படியே இருக்கிறது. செலக்டருக்கு அடியில் வட்டமாக ஓடும் முலாம் பூசிய தடங்களில் கறுத்த பிசுக்கு, அதன்மேல் உரசும் சின்ன ஸ்பிரிங் தகடுகளிலும் அதே பிசுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தேன், பஞ்சு கரியாக வந்தது. காயவிட்டு மூடினேன். எப்படி அசைத்தாலும் இப்போது எண் நகரவில்லை. இவ்வளவுதான் பழுது!

இன்னும் வயிறு எரிவது வேறு. 10 ஆம்பியர் பக்கம் இருந்த வெள்ளை செராமிக் ஃபியூஸைக் காணோம், அங்கே ஒரு கண்ணாடி ஃபியூஸ் உட்கார்ந்திருக்கிறது. செராமிக் குழலுக்குள் மணல் இருக்கும், பெரிய ஷார்ட் வந்தால் உள்ளே எழும் ஆர்க் என்ற மின்பொறியை அது அணைத்துவிடும். கண்ணாடி அந்த இடத்தில் வெடித்துச் சிதறலாம். காசைப் பிடுங்கியது போதாதென்று உயிரோடும் விளையாடியிருக்கிறார்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கொடுக்கும் முன் உள்ளே போட்டோ எடுங்கள், ஃபியூஸில் உள்ள எழுத்தும் தெரியட்டும். பழுது வரும்போதே வீடியோ எடுங்கள். மின்தடை அளக்கும் ஓம்ஸில் வைத்து இரண்டு லீடையும் சேர்த்துப் பிடித்து அசைத்துப் பாருங்கள்: செலக்டரை அசைத்தால் குதிக்கிறதா, தடத்தைத் துடையுங்கள், லீடின் கழுத்தை வளைத்தால் குதிக்கிறதா, லீடுதான். திறக்கும் முன் லீடுகளைக் கழற்றிவிடுங்கள். உப்புத்தாள் போடவே போடாதீர்கள், முலாம் போய்விடும். மாற்றினோம் என்றால் பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள்.

அந்தப் பாதி விலையையும் என் ஃபியூஸையும் கேட்டு நாளைக்கு மறுபடி போகிறேன், இந்த முறை போட்டோக்களோடு.